இந்த முகவரியைச் சொன்னது யார்?

இணையதளம் ஒன்று திறக்கவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது எழுதிவிட்டால் போதும், அடுத்த நிமிடமே பதில் வந்துவிடும்: “டிஎன்எஸ்ஸ 8.8.8.8-க்கு மாத்திப் பாருங்க.” டிஎன்எஸ் என்பது ஓர் இணையதளப் பெயருக்குரிய எண் முகவரியை, அதாவது ஐபி முகவரியைச் சொல்லும் ஏற்பாடு; 8.8.8.8 என்பது அதற்காகக் கூகுள் நடத்தும் பொதுச் சர்வரின் முகவரி. எந்த வலி என்று கேட்காமலேயே பாட்டி கோடாரித் தைலத்தை எடுத்து நீட்டுவதைப் போன்ற ஆலோசனை இது. சில வேளைகளில் குணமும் தெரிந்துவிடுகிறது என்பதால் இதன் புகழ் குறைவதே இல்லை. பினாங்கில் சிறிய அலுவலகங்களுக்குக் கணினி வேலை செய்து கொடுக்கும் எனக்கு இந்த ஆலோசனையின் மீது நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. கூகுள் 2009 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சேவையின் மீது எனக்குப் புகார் ஏதும் இல்லை. அதை எடுத்து நீட்டும் அவசரத்தின் மீதுதான் என் குறையெல்லாம். மாற்றியபின் தளம் திறந்துவிட்டால், முன்பு எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாமலேயே போய்விடுகிறது. திறக்காவிட்டாலோ, ஏற்கெனவே இருந்த கோளாறோடு நாம் செய்த மாற்றமும் சேர்ந்துகொள்கிறது. அடுத்து வந்து பார்ப்பவர் இரண்டையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

ஒரு பெயரைத் தட்டியதும் அதற்குரிய ஐபி முகவரியைத் தேடி நம் கணினி நேரே இணையத்துக்குப் போய்விடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். வாசலைத் தாண்டுவதற்கு முன்பே அதற்குப் பதில் சொல்லக் கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். சற்று முன் கேட்ட பெயரை உலாவி தன் நினைவிலேயே வைத்திருக்கும். சில உலாவிகள் இயங்குதளத்தைக் கேட்காமல், 2018-இல் வகுக்கப்பட்ட நெறிமுறையின்படி, மறையாக்கம் செய்த இணைப்பின் வழியே தாங்களே ஒரு சர்வரைக் கேட்டுக்கொள்கின்றன. அடுத்து, இயங்குதளத்துக்கென்று ஒரு தற்காலிக நினைவும் பெயர்களையும் அவற்றின் முகவரிகளையும் கையால் எழுதி வைக்கக்கூடிய ஹோஸ்ட்ஸ் என்ற ஒரு சிறு கோப்பும் உண்டு. நம் இணைப்பை வேறொரு சர்வர் வழியே திருப்பிவிடும் விபிஎன் மென்பொருள் இருந்தால் அதுவும் இடையில் நுழையும். இவர்களில் எவரும் பதில் சொல்லாதபோதுதான் கேள்வி ரவுட்டருக்குப் போகிறது. ரவுட்டர் அதை இணையச் சேவை நிறுவனத்தின் சர்வரிடம் ஒப்படைக்க, அந்தச் சர்வர் ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் இயங்கும் வேர்ச் சர்வர்களில் தொடங்கி, மலேசியாவுக்குரிய டாட் மை என்று முடியும் பெயராக இருந்தால் மைநிக் நிறுவனம் நிர்வகிக்கும் சர்வர்களைக் கேட்டு, இறுதியாகத் தளத்தின் உரிமையாளர் அமர்த்தியிருக்கும் சர்வரிடம் விடை பெற்று வருகிறது. இத்தனை பேர் கொண்ட வரிசையில் 8.8.8.8 என்ற மாற்றம், ரவுட்டரும் சேவை நிறுவனத்தின் சர்வரும் இருந்த இடத்தில் கூகுளின் சர்வரை வைக்கிறது, அவ்வளவுதான். மற்றவர்களில் ஒருவர் தவறாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தத் தவறு அங்கேயே இருக்கும்.

இது தெரிந்த செய்திதானே என்று கணினித் துறையினர் கேட்கலாம். தெரிந்த செய்திதான். ஆனால் கோளாறு வந்த அன்று இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் எத்தனை பேர் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அந்த ஐயத்தை உறுதிப்படுத்திய ஒரு நிகழ்ச்சியைத்தான் இங்கே எழுத வேண்டும் என்று இருந்தேன்.

ஒரே திரையில் இரண்டு பதில்கள்

ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்கு அருகே, பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் ஒரு கணக்கு அலுவலகம் இருக்கிறது. அதை நடத்தும் அம்மையாரை நான் அக்கா என்றுதான் அழைப்பேன். வாடிக்கையாளர்கள் தங்கள் ரசீதுகளையும் வங்கி அறிக்கைகளையும் பதிவேற்றுவதற்கென்று அலுவலகத்துக்கு ஓர் இணையதளம் உண்டு. அது அண்மையில், தளங்களைத் தன் சர்வரில் வைத்து நடத்தும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தது. மாற்றத்துக்குப் பின் எல்லாரும் இயல்பாக வேலை செய்ய, மூத்த ஊழியர் ஒருவரின் கணினியில் மட்டும் புதிய பதிவேற்றங்கள் எதுவுமே வரவில்லை. பிழைச் செய்தி வந்திருந்தால் அன்றைக்கே என்னை அழைத்திருப்பார்கள். தளம் ஒழுங்காகத் திறந்தது, கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது, பழைய ஆவணங்களையெல்லாம் காட்டியது, புதியவைதான் இல்லை. ஆகவே அந்த ஊழியர், ரசீது அனுப்பவில்லை என்று வாடிக்கையாளர்களை அழைத்துக் கடிந்துகொண்டிருந்தார். அவர்களோ அனுப்பிவிட்டதாகச் சத்தியம் செய்தார்கள்.

“லைன் ஸ்லோவா இருக்கும்னு நெனச்சோம் தம்பி. என் அக்கா பையன் வந்து டிஎன்எஸ் எல்லாம் மாத்திட்டுப் போனான். அதுக்கப்புறம் அந்த டாக்குமெண்ட் பெட்டியும் தொறக்க மாட்டேங்குது” என்றார் அக்கா. டாக்குமெண்ட் பெட்டி என்று அவர் சொன்னது அலுவலகத்தின் கோப்புச் சேமிப்புக் கருவியை. அதற்கு ரவுட்டரிலேயே ஓர் உள்பெயர் பதிந்து வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் ரவுட்டரைத் தவிர உலகில் வேறு யாருக்கும் தெரியாது, 8.8.8.8-இடம் கேட்டால் அப்படியொரு பெயரே இல்லை என்றுதான் சொல்லும். முதல் கோளாறு அப்படியே இருக்க, இரண்டாவது கோளாறும் வந்து சேர்ந்திருந்தது. அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தற்காலிக நினைவைத் துடைக்கும் கட்டளையையும் அவர் கொடுத்துப் பார்த்திருக்கிறார். கையில் இருந்த எல்லா மருந்தையும் கொடுத்திருக்கிறார், நோய் என்ன என்று மட்டும் கேட்கவில்லை.

வலைத்தளத்தை வடிவமைத்தவர் சொல்லியிருந்த காரணமும் வழக்கமானதுதான்: மாற்றம் உலகெங்கும் பரவ 48 மணி நேரம் ஆகும், பொறுத்திருங்கள். இந்தப் ‘பரவுதல்’ என்ற பேச்சு எனக்கு எப்போதுமே எரிச்சலூட்டும். டிஎன்எஸ்ஸில் எதுவும் பரவுவதில்லை. ஒவ்வொரு பதிவோடும் அதை எத்தனை நொடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண் சேர்ந்தே வருகிறது. 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். நேற்று கேட்டவர் அந்த நேரம் தீரும்வரை பழைய விடையை வைத்திருப்பார், இன்று கேட்பவருக்குப் புதிய விடை உடனே கிடைக்கும். இடம்மாறுவதற்கு முந்தைய நாளே அந்த எண்ணை 300 என்று குறைத்து வைத்தால் காத்திருக்கும் நேரம் ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிடும். ஒரு தளம் மாறி வாரங்கள் கடந்த பின்னும் பரவுதலைக் காரணம் காட்டுவது பொருளற்றது.

கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, ஒரு பெயருக்கு என்ன முகவரி என்று கேட்கும் என்எஸ்லுக்கப் கட்டளையில் தளத்தின் பெயரைக் கொடுத்தேன். புதிய சர்வரின் முகவரி வந்தது. சரியான விடை. அடுத்த வரியில் அதே பெயருக்கு, எதிர்முனையில் உள்ள சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைக் கொடுத்தேன். பழைய சர்வரின் முகவரி வந்தது. ஒரே கணினி, ஒரே திரை, ஒரே பெயர், சில நொடிகள் இடைவெளியில் இரண்டு வெவ்வேறு முகவரிகள். அக்கா எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் விளக்காமலேயே அவருக்கும் புரிந்துவிட்டது. “இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளயே யாரோ ரெண்டு பேரு வேற வேற மாதிரி சொல்றாங்க” என்றார். இதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

இந்த முரண்பாட்டுக்குக் காரணம் எளிது, ஆனால் இதைத் தெரியாமலேயே பல ஆண்டுகள் இந்தத் துறையில் காலம் தள்ளிவிடலாம். என்எஸ்லுக்கப் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் கருவி. அது இயங்குதளத்தின் நினைவையும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் கண்டுகொள்ளாமல், குறிக்கப்பட்டிருக்கும் டிஎன்எஸ் சர்வரிடம் நேரே போய்க் கேட்கும். பிங் அப்படிப்பட்டதன்று; மற்ற மென்பொருள்களைப் போலவே இயங்குதளத்திடம் கேட்டு, அது சொல்வதை ஏற்றுக்கொள்ளும். ஆகவே இரண்டும் ஒத்துப்போனால் கோளாறு கணினிக்கு வெளியே இருக்க வாய்ப்பு அதிகம். ஒத்துப்போகாவிட்டால், வெளியே எந்தச் சர்வரை மாற்றியும் பயனில்லை. கணினிக்குள்ளேயே தேட வேண்டும். லினக்ஸில் டிக் கட்டளையையும் கெட்எண்ட் கட்டளையையும் இதே முறையில் எதிரெதிரே நிறுத்தலாம். இணையம் முழுக்க எழுதி வைத்திருக்கும் தீர்வுப் பட்டியல்களில் என்எஸ்லுக்கப் தவறாமல் இடம்பெறுகிறது. அதன் விடையும் உலாவிக்குக் கிடைக்கும் விடையும் வேறாக இருக்கலாம் என்பதை அவற்றில் பல சொல்வதில்லை. சரியான விடையைப் பார்த்துவிட்டு, டிஎன்எஸ்ஸில் குறையில்லை என்று நம்பி வேறெங்கோ தேடப் போகிறவர்கள் இதனாலேயே உண்டாகிறார்கள்.

அடுத்து இயங்குதளத்தின் நினைவில் இருப்பதையெல்லாம் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தபோது அந்தப் பெயர் பழைய முகவரியோடு அங்கே இருந்தது. நினைவைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், அப்போதும் இருந்தது. விண்டோஸ் தன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் உள்ள வரிகளை இந்த நினைவுக்குள்ளேயே ஏற்றி வைத்துக்கொள்கிறது. எத்தனை முறை துடைத்தாலும் கோப்பிலிருந்து மீண்டும் வந்து உட்கார்ந்துவிடும். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று ஒவ்வோர் உறையாகத் திறந்து உள்ளே போய்க் கோப்பைப் பார்த்தால், கடைசியில் ஒரே ஒரு வரி. அதன் மேலே ‘சர்வர் பாரு’, அதாவது ‘புதிய சர்வர்’ என்று யாரோ மலாயில் குறிப்பும் எழுதியிருந்தார்கள்.

நடந்ததை ஊகிப்பது கடினமில்லை. முன்பொரு முறை தளத்தை வேறு சர்வருக்கு மாற்றியபோது, பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதற்கு முன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அப்போதைய தொழில்நுட்பாளர் இந்த ஒரு கணினியில் மட்டும் புதிய முகவரியைக் கையால் எழுதியிருக்கிறார். அது தவறான வேலை இல்லை, இன்றும் எல்லாரும் செய்வதுதான். பார்த்து முடித்ததும் அழிக்க மறந்துவிட்டார். அதன்பின் டிஎன்எஸ்ஸும் அதே முகவரியைச் சொல்லத் தொடங்கியதால் அந்த வரி இருப்பதே யாருக்கும் தெரியாமல் போயிற்று. அன்றைய ‘புதிய சர்வர்’ இப்போது பழையதாகிவிட்டது. சந்தா முடியாததால் அது இன்னும் உயிரோடு இருந்து, பழைய ஆவணங்களைக் காட்டிக்கொண்டிருந்தது. உலாவி எச்சரித்திருக்க வேண்டாமா என்று அக்கா கேட்டார். அந்தத் தளம் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழைப் பயன்படுத்தியது. அத்தகைய சான்றிதழ் ஒருமுறை பெற்றால் 90 நாள் செல்லும். பழைய சர்வரிடம் இருந்த சான்றிதழுக்குக் காலம் முடியவில்லை. முடிந்திருந்தால் திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை வந்து, கோளாறு தன்னைத் தானே காட்டிக்கொடுத்திருக்கும்.

டிஎன்எஸ்ஸைவிட மூத்த கோப்பு

ஹோஸ்ட்ஸ் கோப்பு ஏதோ பின்னாளில் ஒட்டவைக்கப்பட்ட இணைப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது டிஎன்எஸ்ஸுக்கு முந்தையது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் ஒவ்வொரு கணினியின் பெயரும் முகவரியும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அங்கிருந்து படியெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக ஒரே கோப்பில் எழுதிக் கட்டுப்படியாகாமல் போனதால் 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். இன்றைக்கும் அடிப்படையாக இருக்கும் ஆவணங்கள் 1987-இல் வெளிவந்தன. புதிய முறை வந்தபின்னும் பழைய கோப்பை எவரும் நீக்கவில்லை. நம் கணினிகளில் பெரும்பாலும் அதற்குத்தான் முதல் மரியாதை. பல நாடுகளில் பரவிக் கிடக்கும் சர்வர்கள் அனைத்தும் ஒரே குரலில் ஒரு முகவரியைச் சொன்னாலும், நிர்வாகி உரிமை பெற்ற ஒருவர் நோட்பேடில் எழுதிய வரி அதை மீறிவிடும். தீநிரல் எழுதுபவர்கள் இந்தக் கோப்பைக் குறிவைப்பதற்கும் இதுவே காரணம்.

அலுவலகக் கணினியில் அந்த வரியை நீக்கி, உலாவியை முழுமையாக மூடித் திறந்ததும் காணாமற்போன ரசீதுகள் எல்லாம் வந்து நின்றன. கடிந்துகொள்ளப்பட்ட வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்கும் வேலை அக்காவுக்கு. டிஎன்எஸ்ஸைப் பழையபடி தானாகப் பெறும் நிலைக்கு மாற்றியதும் டாக்குமெண்ட் பெட்டியும் திறந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பையன் செய்த மாற்றம் பாதிதான் நடந்திருந்தது. பழைய முகவரி முறையான ஐபிவி4 பகுதியில் மட்டும் 8.8.8.8 என்று எழுதியிருந்தார். புதிய முறையான ஐபிவி6 பகுதியில் ரவுட்டர் கொடுத்த சர்வரே நின்றிருந்தது. எந்தக் கேள்வி எவரிடம் போகிறது என்பது கணினியின் விருப்பமாகிவிட்டது. இப்போது நம் ஊர் வீட்டு இணைப்புகள் பலவற்றில் ஐபிவி6 சேர்ந்தே வருகிறது. ‘மாற்றிவிட்டேன்’ என்று சொல்பவர்களில் எத்தனை பேர் உண்மையில் மாற்றியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

இல்லை என்பதும் பேசாமல் இருப்பதும்

பதிலே வராத கோளாறுகள் வேறு வகை. அவற்றிலும் யார், எப்படி மறுத்தார் என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. என்எக்ஸ்டொமைன் என்று வந்தால், விசாரித்துப் பார்த்தாயிற்று, அப்படியொரு பெயர் இல்லை என்று பொருள். எழுத்துப் பிழையாக இருக்கலாம், பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம். இந்த ‘இல்லை’ என்ற விடையும் சிறிது நேரம் நினைவில் வைக்கப்படும் என்பது முக்கியம். ஒரு பெயரை உருவாக்குவதற்கு முன்பே ஆர்வத்தில் திறந்து பார்த்தவருக்கு, உருவாக்கிய பின்னும் அது இல்லாததாகவே தெரியும். சர்வ்ஃபெயில் என்று வந்தால், நாம் கேட்ட சர்வர் முயன்று பார்த்து விடையை முடிக்க முடியாமல் திரும்பியிருக்கிறது. குற்றம் பெரும்பாலும் தளத்தின் உரிமையாளர் பக்கம். எதுவுமே வராமல் நேரம் கடந்தால் கேள்வியே போய்ச் சேரவில்லை என்று ஐயப்பட வேண்டும். வழியில் ஏதோ ஒரு தடுப்பு, டிஎன்எஸ் கேள்விகள் போகும் 53-ஆம் வாயிலை மூடியிருக்கலாம்.

2021 அக்டோபர் 4-ஆம் தேதி, மலேசிய நேரப்படி நள்ளிரவை நெருங்கும் வேளையில் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஒருசேர நின்றது பலருக்கு நினைவிருக்கும். அந்த நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழித்தடங்களே இணையத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டுவிட்டன. அந்தச் சில மணி நேரமும் எந்தச் சர்வரைக் கேட்டிருந்தாலும் சர்வ்ஃபெயில்தான் விடை, 8.8.8.8-உம் அதையேதான் சொன்னது. அந்த இரவில் சொந்தக் கணினியில் எதை மாற்றியும் பயனில்லை என்பதை ஒரே கட்டளை சொல்லியிருக்கும்.

நாம் ஒருவரைக் கேட்க, வேறொருவர் பதில் சொல்வதும் நடக்கும். 2024 செப்டம்பரில் இந்நாட்டுப் பயனர்கள் இதை நேரில் கண்டார்கள். வெளிநாட்டுப் பொது டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் கேள்விகளை உள்நாட்டுச் சேவை நிறுவனங்களின் சர்வர்களுக்கே திருப்பிவிடுமாறு தொடர்பு, பல்லூடக ஆணையம் பணித்திருந்தது. தீங்கான தளங்களைத் தடுப்பதே நோக்கம் என்றது. எதிர்ப்பு எழுந்ததும் தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அந்தத் திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கொள்கையின் சரி தவறு வேறொரு கட்டுரைக்குரியது. கோளாறு தேடுபவருக்கு அதில் ஒரு செய்தி உண்டு: அந்த நாள்களில் 8.8.8.8 என்று எழுதி வைத்திருந்தவருக்கும் விடை சொன்னது 8.8.8.8-ஆக இல்லாமல் இருந்திருக்கக்கூடும். இதைச் சோதிக்க எனக்குப் பிடித்த வழி, 192.0.2.1 என்ற முகவரியிடம் கேட்பது. கையேடுகளில் எடுத்துக்காட்டு எழுதுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரி அது. அங்கே எந்தச் சர்வரும் இருக்க முடியாது. ஆகவே பதில் வராமல் இருப்பதுதான் இயல்பு. அங்கிருந்து பதில் வந்தால், வழியில் யாரோ கேள்வியைப் பிடித்து, தாமே விடை எழுதி அனுப்புகிறார். பதில் வராவிட்டால் எவரும் இடைமறிக்கவில்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. பெயர்பெற்ற சில முகவரிகளை மட்டும் குறிவைத்துத் திருப்பியிருக்கலாம்.

காப்பிக் கடைகளிலும் விமான நிலையங்களிலும் வைஃபைக்குள் நுழையும்போது முதலில் ஒரு பதிவுப் பக்கம் வருகிறதே, அதுவும் சில இடங்களில் இதே தந்திரத்தால் இயங்குகிறது. கைபேசியிலோ மடிக்கணினியிலோ டிஎன்எஸ்ஸை நிலையாக மாற்றி வைத்திருப்பவருக்கு அந்தப் பக்கம் வராமலேயே போவதுண்டு. கடைக்காரரிடம் போய் வைஃபை சரியில்லை என்று சண்டை பிடிப்பதற்கு முன் தானாகப் பெறும் நிலைக்கு மாற்றிப் பார்ப்பது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகு நான் 8.8.8.8-ஐப் பயன்படுத்துவதில்லையா என்றால், கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் பயன்படுத்துகிறேன். என்எஸ்லுக்கப் கட்டளையில் பெயருக்குப் பின்னால் ஓர் இடம் விட்டு 8.8.8.8 என்று எழுதினால், அமைப்பில் எதையும் மாற்றாமல் அந்த ஒரு கேள்வியை மட்டும் அங்கே அனுப்பலாம். அவ்வாறே 1.1.1.1, 9.9.9.9 என்ற மற்றப் பொது டிஎன்எஸ் சர்வர்களிடமும் ரவுட்டரிடமும் தனித்தனியே கேட்டு, விடைகளை ஒப்பிடலாம். ரவுட்டர் மட்டும் மாறுபட்டுச் சொன்னால் ரவுட்டரை நிறுத்தி இயக்குவேன். எல்லாரும் ஒன்றையே சொல்லியும் உலாவி மட்டும் வேறெங்கோ போனால் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் விபிஎன்னையும் உலாவியின் பாதுகாப்பான டிஎன்எஸ் அமைப்பையும் பார்ப்பேன்.

இப்போதெல்லாம் தெரிந்தவர்கள் கோளாறென்று எழுதினால், பிங், என்எஸ்லுக்கப் இரண்டையும் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். பெரும்பாலோர் என்எஸ்லுக்கப் விடையின் முதல் இரண்டு வரிகளை வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள். எந்தச் சர்வர் பதில் சொன்னது என்பது அந்த இரண்டு வரிகளில்தான் இருக்கிறது. சர்வரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அன்னோன்’ என்று வருவதைப் பார்த்துப் பயந்தும் சிலர் வெட்டுகிறார்கள். சர்வரின் எண்ணுக்கு உரிய பெயர் எங்கும் பதியப்படவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதற்குப் பொருள். வெட்டாமல் முழுப் படத்தையும் அனுப்புங்கள் என்று மறுபடி கேட்டு வாங்குகிறேன்.